கதை ஊருக்கு வழி

பள்ளிக்கூடத்தில் பல ஆண்டுகள் கதை சொன்னவன் நான். கணக்கும் இலக்கணமும் கற்பித்த நேரங்களைவிடக் கதை சொன்ன நேரங்களே இன்றும் என் நினைவில் பசுமையாக இருக்கின்றன. ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், மலைக்கு அப்பால் இருக்கும் மாய நகரம் ஒன்றைப் பற்றிக் கதை சொல்லி முடித்தேன். மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பைகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு சிறுவன் மட்டும் என் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, அந்த ஊருக்கு எப்படிப் போவது?" என்று கேட்டான். "அது கதையில் வரும் ஊர், தம்பி. அங்கே போக முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் முகம் வாடிப்போயிற்று. நான் சொன்ன விடையில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாடிய முகமே என் கண்முன் நின்றது.

அந்தச் சிறுவனுடைய கேள்விக்கு விடை சொல்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உலகில் இருக்கின்றன. திரைப்படத்தில் கண்ட மாய உலகத்தைச் சிமெண்டாலும் எஃகாலும் கட்டி வைத்து, நுழைவுச் சீட்டு வாங்கியவர்களை அதற்குள்ளே அழைத்துச் செல்லும் கேளிக்கைப் பூங்காக்களையே சொல்கிறேன். ஒரு திரைப்படக் கதை எவ்வாறு ஓர் இடமாக மாறுகிறது, அப்படி மாறும்போது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பதைப் பற்றி நேயர்களுடன் இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

படத்தில் கண்டதை அப்படியே கட்டிவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. படம் பார்ப்பவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதை, எப்போது, எவ்வளவு அருகிலிருந்து அவர் பார்க்கவேண்டும் என்பதைப் படம் எடுப்பவர் தீர்மானிக்கிறார். அரண்மனையின் முன்புறத்தை மட்டும் பலகையாலும் சாயத்தாலும் செய்து நிறுத்தினாலும் படத்துக்குப் போதும். பின்புறத்தைக் காமிரா பார்க்கப் போவதில்லை. பூங்காவிலோ, குழந்தை பின்புறத்துக்கும் ஓடிப்போய்ப் பார்க்கும். சுவரை விரலால் தட்டியும் பார்க்கும். இது முதல் சங்கடம். இரண்டாவது சங்கடம் காலம் பற்றியது. இரண்டு மணி நேரத்தில் சொன்ன கதைக்குப் பூங்காவில் கிடைப்பது நான்கைந்து நிமிடங்களே. மூன்றாவது சங்கடந்தான் எல்லாவற்றிலும் பெரியது. படத்தில் கதாநாயகன் ஒருவன். பூங்காவுக்கு ஒரே நாளில் வருகிறவர்கள் பல்லாயிரம் பேர். இவர்கள் அத்தனை பேரும் அந்தக் கதையில் யார்? அங்கே இவர்களுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியை முதன்முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டவர் வால்ட் டிஸ்னி. சித்திரப் படங்கள் எடுத்துப் புகழ் பெற்ற அவர், கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம் என்னும் ஊரில் 160 ஏக்கர் நிலத்தை வாங்கினார். ஆரஞ்சு மரங்கள் நிறைந்த தோட்டம் அது. 1954-ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குள், ஒரு கோடியே 70 இலட்சம் டாலர் செலவில் டிஸ்னிலாந்து எழுந்தது. 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. திறப்பு விழாவை டெலிவிஷனில் அமெரிக்கா முழுவதும் கண்டது. அன்று வெயிலில் தார் இளகி, பெண்மணிகளின் செருப்புக் குதிகள் தெருவில் புதைந்தன என்று சொல்வார்கள். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீரும் வரவில்லை. மாய உலகத்துக்குக்கூடத் தாரும் தண்ணீரும் தேவை என்பதை அந்த முதல் நாளே காட்டிவிட்டது.

அந்தப் பூங்காவைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர்கள் படக் கலைஞர்கள். சித்திரம் வரைந்தவர்கள், காட்சி அமைத்தவர்கள். ஆகவே கண்ணை ஏமாற்றும் கலை அவர்களுக்குக் கைவந்திருந்தது. அங்குள்ள கோட்டையைப் படத்தில் பார்த்தால் வானளாவ நிற்பது போலத் தோன்றும். உண்மையில் அதன் உயரம் 77 அடிதான். அடியில் பெரிய கற்களும் மேலே போகப் போகச் சிறிய கற்களுமாக அமைத்திருக்கிறார்கள். தூரத்தில் உள்ளது சிறிதாகத் தெரியும் என்பது நம் கண்ணின் பழக்கம். மேலே சிறிய கல்லைக் கண்டதும், அது வெகு உயரத்தில் இருப்பதாகக் கண் தானே முடிவு செய்துகொள்கிறது. கடைத்தெருவிலும் இதே உபாயந்தான். மாடிகள் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டப்பட்டிருக்கின்றன. உறங்கும் அழகியின் கோட்டை என்று அதற்குப் பெயர். அந்தக் கதையைச் சொல்லும் படமோ 1959-இல்தான் வெளிவந்தது. படத்துக்கு நான்கு ஆண்டு முன்னதாகவே கோட்டை வந்து காத்திருந்தது.

கண்ணை ஏமாற்றுவது எளிதாயிற்று. ஆள் யார் என்ற கேள்விதான் எளிதாகத் தீரவில்லை. 1937-இல் வெளிவந்த 'ஸ்னோ ஒயிட்' படமும் 1953-இல் வெளிவந்த 'பீட்டர் பான்' படமும் பூங்காவில் சவாரிகளாக ஆயின. ஒன்றில் சுரங்க வண்டியில் ஏறிக் காட்டுக்குள்ளும் இருளுக்குள்ளும் போகவேண்டும். சூனியக்காரி திடீர் திடீரென்று எதிரே வருவாள். மற்றொன்றில் கப்பல் வடிவமான சிறு வண்டி மேலேயுள்ள தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு செல்லும். கீழே லண்டன் நகரத்தின் இரவு விளக்குகள் பொடிப்பொடியாக மின்னும். பறப்பது போன்ற உணர்ச்சியை அது மிக எளிய முறையில் உண்டாக்கிற்று.

இரண்டிலும் ஒரு விசித்திரம். ஸ்னோ ஒயிட் சவாரியில் ஸ்னோ ஒயிட்டைக் காணோம்! பீட்டர் பான் சவாரியில் பீட்டர் பானைக் காணோம்! மறந்துபோய் விட்டுவிடவில்லை, வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். 'வண்டியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தாம் ஸ்னோ ஒயிட். காட்டில் வழி தவறியவள் நீங்கள். சூனியக்காரி பயமுறுத்துவது உங்களையே' என்பது அவர்கள் கருத்து. மிக அழகான கருத்து அல்லவா? குழந்தைக்காகக் கதாநாயகியின் ஆசனத்தையே காலி செய்து கொடுத்தார்கள். ஆனால் வந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. வெளியே வந்ததும், "ஸ்னோ ஒயிட் எங்கே?" என்றே கேட்டார்கள். ஏறத்தாழ 28 ஆண்டுகள் அந்தக் கேள்வி ஓயவில்லை. 1983-இல் பூங்காவின் அந்தப் பகுதியைப் புதுப்பித்தபோது, ஸ்னோ ஒயிட்டின் உருவத்தையும் பீட்டர் பானின் உருவத்தையும் உள்ளே வைத்துவிட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். யார் செய்தது தவறு? ஆசனத்தைக் காலியாக விட்ட கலைஞர்கள் மீதும் குற்றமில்லை. அதில் தாம் அமர்ந்திருப்பதை அறியாதவர்கள் மீதும் குற்றமில்லை. 'இது உன் ஆசனம்' என்று சொல்வார் இல்லாமற்போயிற்று, அவ்வளவுதான். வகுப்பில் நாடகம் போடும்போது, "இன்று நீ தான் அரசன்" என்று ஒரு பையனிடம் சொல்லவேண்டும். சொல்லாமல் ஒரு நாற்காலியை மட்டும் நடுவில் போட்டுவைத்தால், அவன் அதைச் சுற்றிக்கொண்டு போய் மூலையில் உட்காருவான்.

கதையே இல்லாமல் தொடங்கிய சவாரியும் உண்டு. கரீபியன் கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றிய படகுச் சவாரி டிஸ்னிலாந்தில் 1967-ஆம் ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்டது. டிஸ்னி அதற்குச் சில மாதங்கள் முன்னரே, 1966 டிசம்பரில் காலமாகிவிட்டார். அந்தச் சவாரியில் தொடக்கம், நடு, முடிவு என்று ஒரு கதை கிடையாது. கொள்ளை, கூத்து, தீப்பற்றிய ஊர் என்று காட்சிகள் வந்துகொண்டே இருக்கும். படகில் இருப்பவர் தாமே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளலாம். 2003-இல் அந்தச் சவாரியை வைத்து ஒரு திரைப்படம் எடுத்தார்கள். படம் பெரிய வெற்றி பெற்றது. உடனே ஆற்று நீர் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கிற்று. 2006-இல் படத்தின் நாயகனான ஜாக் ஸ்பாரோவின் உருவத்தைச் சவாரிக்குள்ளே நிறுத்தினார்கள். இப்போது படகில் போகிறவர்கள் அவன் எங்கே தலைநீட்டுவான் என்றே தேடுகிறார்கள். 39 ஆண்டுகள் யாருக்கும் உரியதாகாமல் இருந்த கதை ஒருவனுடைய கதையாகிவிட்டது.

இடையில் யந்திரங்கள் வெகுவாக முன்னேறின. ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' முதற்படம் வெளிவந்தது 1977-இல். பத்து ஆண்டுகள் கழித்து, 1987 ஜனவரியில், அதைத் தழுவி டிஸ்னிலாந்தில் விண்வெளிப் பிரயாணச் சவாரி ஒன்று தொடங்கிற்று. 40 பேர் அமரும் ஓர் அறை. முன்னே ஒரு திரை. விமானிகளைப் பயிற்றுவிப்பதற்காகச் செய்யப்பட்ட ஆடும் அறையின் நுட்பமே இதற்கும் பயன்பட்டது. அறை இருக்கும் இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆயினும் உள்ளே இருப்பவர்கள் நட்சத்திரங்களை நோக்கிப் பாய்வதாக உணர்கிறார்கள். இது எப்படி?

பஸ் சட்டென்று கிளம்பும்போது நம் முதுகு இருக்கையில் அழுந்துகிறது. நாற்காலியைப் பின்புறமாகச் சாய்த்தாலும் முதுகு அப்படியே அழுந்துகிறது. நம் உட்காதில் உள்ள உறுப்புக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் தெரியாது. கண்தான் அதற்குத் தெரிவிக்கவேண்டும். கண்ணுக்கு எதிரே நட்சத்திரங்கள் விரைந்து ஓடுவதாகக் காட்டி, அதே விநாடியில் அறையைப் பின்னால் சாய்த்துவிட்டால், 'நாம் பாய்கிறோம்' என்று மூளை முடிவுகட்டிவிடும். பௌதிக வகுப்பில் முடுக்கம் என்பதை இதைவிட நன்றாக விளக்க முடியாது என்று நினைக்கிறேன். ஆள் யார் என்ற கேள்விக்கும் இங்கே தெளிவான விடை கிடைத்தது. 'நீங்கள் உல்லாசப் பிரயாணிகள். உங்கள் விமானிக்கு இதுதான் முதற்பிரயாணம்' என்றார்கள். கதாநாயகன் வேஷம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் பொருந்தும் ஒரு வேஷம்.

இனி, இந்தக் கலையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிய ஹாரி பாட்டர் உலகத்துக்கு வருவோம். ஜே. கே. ரௌலிங் எழுதிய ஏழு நூல்கள் 1997 முதல் 2007 வரை வெளிவந்தன. அவற்றைத் தழுவிய படங்கள் எட்டு. முதற்படம் 2001-இல் வந்தது. 2010-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில், யூனிவர்சல் நிறுவனத்தின் பூங்கா ஒன்றில் ஹாக்ஸ்மீட் என்னும் கிராமமும் ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளிக்கூடமும் திறக்கப்பட்டன. படங்களுக்குக் காட்சி அமைத்த ஸ்டூவர்ட் கிரெய்க் என்பவரே இங்கும் அமைப்பை மேற்பார்த்தார். அதனால் படத்தில் கண்ட கூரை, படத்தில் கண்ட வளைவு, படத்தில் கண்ட குறுகிய கடைகள் எல்லாம் அப்படியே வந்தன. பெரிய கூட்டத்துக்கு அந்தச் சிறிய கடைகள் போதாமல் வாசலில் நீண்ட வரிசை நிற்கும். கடையைப் பெரிதாக்கியிருந்தால் வியாபாரம் வசதியாக நடந்திருக்கும். ஆனால் அது கதையில் வரும் கடையாக இருந்திராது. புளோரிடாவின் கடுங்கோடையில், கூரைமேல் வெண்பனி படிந்தது போலச் செய்து வைத்திருக்கிறார்கள். நூலில் வரும் பட்டர்பீர் என்னும் பானத்துக்குப் புதிதாகப் பக்குவம் கண்டுபிடித்து, மதுச்சத்து இல்லாமல் செய்து கொடுக்கிறார்கள். கதையைப் பார்த்தவர்கள் இப்போது அதைக் குடிக்கவும் செய்கிறார்கள்!

இதற்குப் பயன் கிடைத்தது. இத்துறையினர் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டின்படி, 2009-இல் அந்தப் பூங்காவுக்கு வந்தவர்கள் சுமார் 46 இலட்சம் பேர். 2011-இல் சுமார் 76 இலட்சம் பேர். போட்டி நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. தனிச் சவாரியைக் கட்டுவதை விட்டு, ஒரு கதையின் ஊர் முழுவதையுமே கட்டவேண்டும் என்ற எண்ணம் இதன்பிறகு வலுப்பெற்றது.

என் மகளின் குடும்பம் அந்த நாட்டில் வசிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே சென்றிருந்தபோது, ஒன்பது வயதுப் பேத்தியோடு அந்த மந்திரப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனேன். சவாரிக்குக் காத்திருக்கும் வரிசையே பள்ளிக்கூடத்தின் உள்ளே சுற்றிச் சுற்றிச் செல்கிறது. சுவரில் மாட்டிய படங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. அடுத்தாற்போல் தலைமையாசிரியரின் அறை! நானும் தலைமையாசிரியனாக இருந்தவன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பீரோ, ஒரு பிரம்பு. இவையே என் அறையின் செல்வம். இங்கேயோ கூரைவரை நூல்களும் விந்தைக் கருவிகளுமாக இருந்தன. தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஒளியுருவாகத் தோன்றி நம்மை வரவேற்கிறார். பள்ளியின் வரலாற்றைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றுக்கு நம்மை அழைத்திருக்கிறார்களாம். அடுத்த அறையில் ஹாரியும் அவன் தோழர்களும் தோன்றி, 'அந்தச் சொற்பொழிவு உறக்கத்தைத் தரும். எங்களோடு பறந்து விளையாட்டைப் பார்க்க வாருங்கள்' என்கிறார்கள். வரலாற்று வகுப்பிலிருந்து பிள்ளைகள் நழுவுவதற்குத் துணைபோக எனக்கு மனமில்லை. ஆனாலும் போனேன். ஒரு நீண்ட யந்திரக் கையின் நுனியில் நால்வர் அமரும் இருக்கை. அது நம்மைத் தூக்கித் திருப்பிச் சாய்த்துக்கொண்டே திரைகளுக்கும் கட்டிய காட்சிகளுக்கும் நடுவே செல்கிறது. கார்த் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டைத் தூக்கும் யந்திரக் கையின் இனத்தைச் சேர்ந்ததாம் அது.

இதைவிட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. 2014-ஆம் ஆண்டு ஜூலையில் பக்கத்துப் பூங்காவில் லண்டன் நகரத்தின் ஒரு பகுதியைக் கட்டி, இரண்டு பூங்காக்களையும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் என்னும் ரெயிலால் இணைத்தார்கள். நீராவி வண்டி போலத் தோன்றினாலும் அதை இழுத்துச் செல்வது கம்பிக் கயிறு. ஜன்னல்கள் உண்மையில் திரைகள். போகும்போது ஒரு காட்சி, வரும்போது வேறொரு காட்சி. இந்த ரெயிலில் ஏறுவதற்கு முன், கதையில் வரும் ஒன்பதே முக்காலாவது பிளாட்பாரத்துக்குப் போகவேண்டும். கதையில் பிள்ளைகள் செங்கற்சுவருக்குள் புகுந்து மறைவார்கள் அல்லவா? அது இங்கே உண்மையாகவே நடப்பது போலத் தோன்றும்.

இதன் அடிப்படை பழைய நாடகக் கலையில் உள்ளது. இரவில் விளக்கெரியும் அறையில் நின்று ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். வெளியே உள்ள மரமும் தெரியும். நம் உருவமும் அந்த மரத்தடியில் நிற்பது போலத் தெரியும். 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்னும் ஆசிரியர், மேடையில் பெரிய கண்ணாடியைச் சாய்வாக நிறுத்தி, இந்த முறையால் பேயுருவைத் தோன்றச் செய்தார். அதன் வழிவந்த கண்ணாடித் தந்திரமே பிளாட்பாரத்துச் சுவரும்.

என் பேத்தி முன்னே போனாள். நான் சற்றுப் பின்னே நின்றேன். என் கண்ணெதிரே அந்தக் குழந்தை சுவருக்குள் புகுந்து மறைந்தாள். தந்திரம் தெரிந்த எனக்கே ஒரு கணம் நெஞ்சு திடுக்கிட்டது. நானும் நடந்து அப்பால் போனேன். நடந்தபோது எனக்குச் சுவரும் தெரியவில்லை, மந்திரமும் தெரியவில்லை. வெறும் இருண்ட நடைபாதைதான். அங்கே அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, நான் மறைந்து போனேனா?" என்று கேட்டாள்.

"மறைந்துதான் போனாய், அம்மா. நான் பயந்தே போய்விட்டேன்" என்றேன்.

"எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே!" என்றாள். பிறகு சிறிது யோசித்து, "நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? அதுபோதும்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கலையின் நுட்பம் முழுவதும் அந்தக் குழந்தையின் சொல்லில் இருப்பதாக எனக்குப் பட்டது. மந்திரம் நடப்பது குழந்தைக்கு. அதைக் காண்பவர் பின்னால் நிற்பவர். 'நீ மறைந்தாய்' என்று சொல்ல ஒருவர் உடனிருந்தால்தான் மந்திரம் முழுமை பெறுகிறது. 1955-இல் ஸ்னோ ஒயிட்டின் ஆசனத்தில் அமர்ந்த குழந்தைகளுக்கு இப்படிச் சொல்லத்தான் ஒருவரும் இல்லாமற்போனார்கள்.

அங்கேயே மந்திரக்கோல் கடை ஒன்று உண்டு. இருபது இருபத்தைந்து பேரை உள்ளே அழைத்து, ஒருவரை மட்டும், பெரும்பாலும் ஒரு குழந்தையை, கடைக்காரர் தேர்ந்தெடுக்கிறார். கோலை அசைத்தால் ஒருமுறை பெட்டிகள் சரியும். ஒருமுறை பூக்கள் வாடும். கடைசியில் சரியான கோல் கைக்கு வந்ததும் ஒளி பிறக்கும். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கக் கண் ஆயிரம் வேண்டும். ஆனால் ஆசிரியனாக இருந்தவனின் கண் மற்றக் குழந்தைகளின் பக்கமும் போகிறது. விடை தெரிந்து கையை உயர்த்தியும் அழைக்கப்படாத பிள்ளைகளின் முகத்தை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். 2014 முதல் இதற்கு ஒரு பரிகாரம் செய்திருக்கிறார்கள். தெருவில் சில இடங்களில் நின்று, குறிப்பிட்ட விதமாகக் கோலை அசைத்தால், கடை ஜன்னலில் உள்ள பொருள்கள் ஆடும், பாடும். இப்போது எல்லாக் குழந்தைகளுக்கும் மந்திரம் பலிக்கிறது. கோலை விலைகொடுத்து வாங்கியவர்களுக்கு.

கதையில் வருகிறவருக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்பதைப் பிற்கால அமைப்பாளர்கள் நன்கு உணர்ந்தார்கள். ஜேம்ஸ் காமரூனின் 'அவதார்' படம் 2009-இல் வந்தது. அதன் உலகமான பாண்டோராவை டிஸ்னி நிறுவனம் புளோரிடாவில் 2017-இல் கட்டியது. எஃகுச் சட்டங்களைக் கொடிகளுக்குள் மறைத்து, மலைகள் வானத்தில் மிதப்பதாகக் காட்டினார்கள். படத்தின் கதாநாயகன் அங்கே இல்லை. கதை முடிந்து ஒரு தலைமுறை கழிந்தபின் நாம் அங்கே போகிறோம் என்று வைத்துவிட்டார்கள். பறவை போன்ற ஒரு விலங்கின்மேல் ஏறிப் பறக்கும் சவாரியில், அந்த விலங்கு மூச்சு விடுவதைக் கால்களால் உணரலாம். 2019-இல் ஸ்டார் வார்ஸுக்காகக் கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் 14 ஏக்கர் அளவில் இரண்டு இடங்களைக் கட்டியபோது, படங்களில் முன்பு யாரும் கண்டிராத பட்டூ என்னும் கிரகத்தைப் புதிதாகக் கற்பித்தார்கள். அங்குள்ள விண்கலத்தில் ஆறு பேர் ஏறலாம். இருவர் ஓட்டவேண்டும், இருவர் சுடவேண்டும், இருவர் பழுது பார்க்கவேண்டும். ஓட்டுகிறவர் மோதினால் கலம் சேதப்படும். ஸ்னோ ஒயிட் காலத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது வாய்விட்டே சொல்லிவிட்டார்கள்: 'இது உன் ஆசனம்; இது உன் வேலை.'

இதே வழியில் இன்னும் ஓர் அடி வைத்து, 2022 மார்ச்சில் புளோரிடாவில் ஒரு விடுதியைத் திறந்தார்கள். விண்கலம் போல அமைந்த நூறு அறைகள். இரண்டு இரவுகள் தங்கவேண்டும். நடிகர்கள் விருந்தினரோடு பேசி, அவரவர் செயலுக்கேற்பக் கதையை நடத்திச் செல்வார்கள். தங்கியவர்களிற் பலர் இப்படி ஓர் அனுபவம் கண்டதில்லை என்று பாராட்டினார்கள். வந்தவருக்கு முழு இடம் கொடுத்த முயற்சி அது. ஆனால் இருவர் தங்குவதற்குக் கட்டணம் 4,800 டாலர் அளவிலிருந்து தொடங்கிற்று. 2023 செப்டம்பர் இறுதியில், திறந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் மூடிவிட்டார்கள். கதைக்குள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனிக்க மனிதர்கள் வேண்டும். மனிதர்களுக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்கள் சிலரே. பல்லாயிரம் பேருக்குக் கட்டினால் ஆளுக்குச் சில நிமிடம். சிலருக்குக் கட்டினால் பலருக்குக் கதவு அடைப்பு. இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

இப்பூங்காக்களைப் பற்றி இரண்டு குறைகள் சொல்லப்படுவது உண்டு. ஒன்று, குழந்தையின் கற்பனையை இவை கெடுத்துவிடும் என்பது. நூலைப் படிக்கும் குழந்தை மனத்தில் தன் கோட்டையைத் தானே கட்டுகிறது. படம் அந்தக் கோட்டைக்கு ஓர் உருவம் கொடுத்துவிடுகிறது. பூங்கா அதைச் சிமெண்டில் இறுக்கிவிடுகிறது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆயினும் நான் கண்டது வேறு. வீடு திரும்பிய என் பேத்தி அந்தக் கோட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. சமையலறைக் கதவைச் சுவராகக் கொண்டு மறைந்து மறைந்து விளையாடினாள். ஒவ்வொரு முறையும், "மறைந்தேனா, தாத்தா?" என்று கேட்டாள். சிமெண்டு அவளுடைய கற்பனையை இறுக்கிவிடவில்லை. அவளுக்குப் பங்கு கிடைத்த ஒரு கணம் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது. பங்கு கிடைக்காதவை அங்கேயே தங்கிவிட்டன.

இரண்டாவது குறை விலை. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஒருவருக்கு ஒருநாள் நுழைவுச் சீட்டே நூறு டாலருக்கு மேல். ரெயிலில் ஏறவேண்டுமானால் இரண்டு பூங்காக்களுக்கும் செல்லும் சீட்டு வேண்டும். கதையில் அந்த ரெயில் ஏழைப் பிள்ளையையும் செல்வர் வீட்டுப் பிள்ளையையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும். பூங்காவின் ரெயிலுக்கு அந்த வழக்கம் இல்லை. என் பேத்தி போனாள். என் மேசையருகே வந்து நின்ற அந்தச் சிறுவன் ஒருநாளும் போயிருக்கமாட்டான். இதை எண்ணும்போதெல்லாம் நான் சொன்ன விடை எனக்கு உறுத்துகிறது.

அந்த விடுதியை நடத்தத் திறமையான நடிகர்கள் பலர் தேவைப்பட்டார்கள். ஒரு வகுப்பறைக்கோ, ஒரு வீட்டுத் திண்ணைக்கோ ஒருவர் போதும். குழந்தைக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, அவன் செய்வதைக் கவனித்து, 'நான் பார்த்தேன்' என்று சொல்லும் ஒருவர். கோடிக்கணக்கான டாலரும் யந்திரக் கையும் செய்ய முயல்வது, கடைசியில் இந்தச் சிறிய காரியத்தைத்தான். பெற்றோரும் ஆசிரியரும் இதைக் காசில்லாமல் செய்யலாம். செய்வதற்கு நேரம் மட்டும் வேண்டும். எனக்கு அன்று அந்த நேரம் இருந்தது. மணி அடித்துவிட்டதே என்று நான்தான் அவசரப்பட்டேன்.

இன்று அந்தச் சிறுவன் வந்து, "ஐயா, அந்த ஊருக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால், போக முடியாது என்று சொல்லமாட்டேன். ஒரு சுண்ணாம்புக் கட்டியை அவன் கையில் கொடுத்து, "வழியை நீயே கரும்பலகையில் வரை. அங்கே போனதும் நீ யாராக இருப்பாய், என்ன வேலை செய்வாய் என்று எனக்குச் சொல். நான் இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பேன்.